நான்கு மாத நெடுந்தூரப் பயிற்சியில் குதிரையின் தசை வற்றிவிட்டது: இது சரியா?

3 செப்டம்பர் 2023: பொள்ளாச்சி வாசகரின் கேள்வி

என்னிடம் ஏழு வயதான மார்வாரி இனக் குதிரை ஒன்று இருக்கிறது, காயடித்தது. வரும் குளிர்காலத்தில் 40 கிலோமீட்டர் நெடுந்தூர ஓட்டம் ஒன்றில் கலந்துகொள்வதற்காக மே மாதத்திலிருந்து வாரத்துக்கு நான்கு நாள் ஓட்டிவருகிறேன். பயிற்சிக்கு முன் உருண்டு திரண்டிருந்த பிட்டம் இப்போது வடிந்துவிட்டது, முதுகிலும் சதை குறைந்திருக்கிறது. ஓட்டத்தில் குறை எதுவும் தெரியவில்லை. முன்பு மூச்சிரைத்த மேட்டை இப்போது சாதாரணமாக ஏறிவிடுகிறது. உழைத்தால் தசை வளரும் என்றுதான் கேள்விப்பட்டிருக்கிறேன். இங்கே தசை கரைகிறது. கொள்ளை இரண்டு மடங்காக்கச் சொல்கிறார்கள். செய்யலாமா?

4 செப்டம்பர் 2023

நான் கால்நடை மருத்துவன். நாமக்கல்லில் படித்துவிட்டுப் பதினோரு ஆண்டுகள் அபுதாபிப் பக்கம் நெடுந்தூரக் குதிரைகளை வளர்க்கும் ஒரு லாயத்தில் வேலை பார்த்தேன். இந்தக் கேள்வியை என்னிடம் கேட்காத புதிய உரிமையாளர் அங்கே ஒருவரும் இல்லை.

குதிரையின் தசையில் வேகமாகச் சுருங்கும் நார்களும் மெதுவாகச் சுருங்கும் நார்களும் கலந்தே இருக்கின்றன. குறுகிய தூரத்தைப் பாய்ந்து கடக்கும் குதிரைக்கு முதல் வகை பருத்திருக்க வேண்டும். அதனால்தான் பந்தயக் குதிரையின் பின்புறம் கல்லில் செதுக்கியதுபோல் இருக்கிறது. நெடுந்தூரக் குதிரைக்குத் தேவை வேறு. அதன் தசை மணிக்கணக்கில் ஆக்சிஜனைப் பயன்படுத்திக் கொழுப்பை எரித்துக்கொண்டே இருக்க வேண்டும். நார் எவ்வளவு பருமனோ அவ்வளவு தொலைவு, அதன் விளிம்பையொட்டி ஓடும் தந்துகி என்ற மெல்லிய இரத்தக்குழாயிலிருந்து நடுப்பகுதிவரை ஆக்சிஜன் பயணம் செய்தாக வேண்டும் என்பதால், மெலிந்த நார் இந்த வேலைக்கு இடைஞ்சல் அல்ல, வசதி. பல மாதப் பயிற்சியில் ஒவ்வொரு நாரைச் சுற்றியும் தந்துகிகள் பெருகுகின்றன. நாருக்குள்ளே ஆக்சிஜனைக் கொண்டு ஆற்றல் உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியா பெருகுகின்றன. கொழுப்பை உடைக்கும் நொதிகள் கூடுகின்றன. இவை எவையும் வெளியே தெரிவதில்லை. தோலுக்கும் தசைக்கும் இடையே இருந்த கொழுப்பு கரைந்துபோனது மட்டுமே கண்ணுக்குத் தெரிகிறது.

ஆகவே உங்கள் குதிரை கெட்டுப்போகவில்லை. மேட்டில் மூச்சிரைக்காமல் ஏறுகிறது என்று நீங்கள் எழுதியதே போதிய பதில்.

4 செப்டம்பர் 2023, இரவு

கொள்ளைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டேன். இரண்டு மடங்காக்க வேண்டாம். "இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு" என்று நம்மவர்கள் சொன்னதில் பொருள் இருக்கிறது: உங்கள் குதிரைக்கு இப்போது வேண்டியது எண்ணெய்ச் சத்து. கொள்ளில் புரதம் மிகுதி. தேவைக்கு மேல் தின்ற புரதத்தை உடல் சேமித்து வைப்பதில்லை. அதை உடைத்து யூரியாவாக்கிச் சிறுநீரில் வெளியேற்றுகிறது, அந்த வேலையில் வெப்பமும் உண்டாகிறது, தண்ணீரும் கூடுதலாகச் செலவாகிறது. ஓடும் குதிரைக்கு இந்த இரண்டும் பகை. வேகவைத்த கொள்ளை இப்போது கொடுக்கும் அளவிலேயே நிறுத்திவிட்டு, தவிட்டெண்ணெயைச் சிறிய அளவில் தொடங்கி வாரக்கணக்கில் கூட்டிக்கொண்டு போங்கள். எண்ணெயை எரிக்கத் தசை பழகுவதற்கு அவ்வளவு காலம் ஆகும். பசும்புல், குதிரைமசால், வைக்கோல் எதுவானாலும் நார்த்தீவனத்தை மட்டும் எக்காரணம் கொண்டும் குறைக்காதீர்கள்.

9 செப்டம்பர் 2023

முதல் குறிப்பைப் படித்த ஒருவர், "அப்படியானால் பயிற்சியில் வேக நார் எல்லாம் மெது நாராக மாறிவிடுமா?" என்று கேட்டிருக்கிறார். நான் எழுதியது அப்படிப் பொருள்படும்படி இருந்தது, திருத்திவிடுகிறேன்.

குதிரையின் தசையில் முக்கியமாக மூன்று வகை நார்கள். முதல் வகை மெதுவாகச் சுருங்கும், களைக்காது. இரண்டு-ஏ வேகமாகவும் சுருங்கும், ஆக்சிஜனையும் நன்றாகப் பயன்படுத்தும். இரண்டு-எக்ஸ் மிக வேகமாகச் சுருங்கும், விரைவில் களைத்துவிடும். (பழைய ஆய்வுகளில் இதையே இரண்டு-பி என்று எழுதியிருப்பார்கள், அது இரண்டு-எக்ஸ்தான் என்பது பிறகு தெளிவானது. பழைய கட்டுரையையும் புதிய கட்டுரையையும் அடுத்தடுத்துப் படிப்பவர்கள் இதில்தான் குழம்புகிறார்கள்.) நெடுந்தூரப் பயிற்சியில் பெரும்பாலும் நடப்பது இரண்டு-எக்ஸ் நார்கள் இரண்டும் கலந்த ஓர் இடைநிலையைக் கடந்து இரண்டு-ஏ ஆவதுதான். அதாவது வேக நார், களைப்பைத் தாங்கும் வேக நாராகிறது. அங்கிருந்து முதல் வகைக்கு மாறுவது நீண்ட காலப் பயிற்சியில் மட்டும், அதுவும் சிறிய அளவில் நடக்கிறது. நார்களின் எண்ணிக்கை ஏறக்குறைய பிறப்போடு முடிந்துபோன கணக்கு. பயிற்சியால் புதிய நார் முளைப்பதில்லை, இருக்கும் நாரின் குணம்தான் மாறுகிறது.

17 செப்டம்பர் 2023

"இதெல்லாம் இனத்தின் வேலை. அரபிக் குதிரை பிறக்கும்போதே அப்படி, பயிற்சியால் என்ன ஆகிவிடும்?" என்று எழுதியவருக்கு: பாதி உண்மை. அரபி இனத்தில் முதல் வகை நார்களின் பங்கு மிகுதி; கால் மைல் ஓட்டத்துக்கென வளர்த்த குவார்ட்டர் இனத்தில் இரண்டு-எக்ஸ் மிகுதி. பந்தயத்துக்கென வளர்க்கும் தரோபிரெட் இனத்துக்குள்ளேயே தசை வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் மையோஸ்டாட்டின் மரபணுவில் உள்ள ஒரே ஓர் எழுத்து மாற்றத்துக்கும் அந்தக் குதிரைக்கு ஏற்ற பந்தயத் தூரத்துக்கும் தொடர்பு உண்டு என்பதை அயர்லாந்து ஆய்வாளர்கள் 2010இல் காட்டினார்கள். ஆனால் தந்துகிகளும் மைட்டோகாண்ட்ரியாவும் பெருகுவது பயிற்சியால்தான். நல்ல இரத்தத்தில் பிறந்து லாயத்திலேயே நின்று கொழுத்த அரபிக் குதிரைகள் முதல் 20 கிலோமீட்டரிலேயே தளர்ந்துபோவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

1 அக்டோபர் 2023

தசைக்குள் இத்தனையும் நடக்கிறது என்பது எப்படித் தெரியும் என்று கேட்டிருந்தீர்கள். ஊசியால் தசைத் துணுக்கு எடுத்துப் பார்த்துத்தான். பெர்க்ஸ்ட்ரோம் என்ற ஸ்வீடன் மருத்துவர் மனிதத் தசையைச் சோதிக்க 1962இல் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்த குழலூசியை, 1970களில் அதே நாட்டில் வண்டிப் பந்தயத்தில் ஓடும் ஸ்டாண்டர்ட்பிரெட் குதிரைகளின் பிட்டத்தில் பயன்படுத்தினார்கள். குதிரைத் தசையைப் பற்றிய அறிவில் பெரும்பகுதி அந்த ஒரே தசையிலிருந்து, நடுப்பிட்டத் தசையிலிருந்து, வந்தது.

நானும் எடுத்திருக்கிறேன். மயிரை மழித்து, தோலை மரக்கச் செய்து, சிறு கீறலிட்டு, ஊசியை இறக்கி வெளியே எடுத்தால், அதன் குழிவில் அரிசி மணியைவிடச் சற்றுப் பெரிய சிவந்த துணுக்கு ஒன்று இருக்கும். குதிரை பெரும்பாலும் காதைத் திருப்புவதோடு சரி. துணுக்கை உறையவைத்துச் சீவல் எடுத்து, அமிலக் கரைசலில் நனைத்துச் சாயமேற்றிக் கண்ணாடித் தகட்டில் வைத்து நுண்ணோக்கியில் பார்க்கும்போது, முதல் வகை கறுப்பாகவும் இரண்டு-ஏ வெளுப்பாகவும் இரண்டு-எக்ஸ் இரண்டுக்கும் நடுவிலான சாம்பல் நிறத்திலும், மூன்று நிறக் கற்களைப் பாவிய தளம்போல் விரியும். முதல்முறை அதைப் பார்த்தபோது வெகுநேரம் கண்ணை எடுக்க முடியவில்லை.

இந்த இடத்தில் நான் செய்த தவற்றையும் சொல்ல வேண்டும். ஒரே குதிரைக்குப் பயிற்சிக்கு முன்பும் ஏழு மாதம் கழித்தும் துணுக்கு எடுத்தேன். இரண்டாவதில் முதல் வகை நார்கள் வெகுவாகக் கூடியிருந்தன. பயிற்சியின் பலன் என்று மகிழ்ந்து லாயத்தில் எல்லோரிடமும் சொன்னேன். பிறகு என் பழைய குறிப்பேட்டைப் புரட்டியபோது, முதல்முறை மேலோட்டமாகவும் இரண்டாம் முறை அதைவிட வெகு ஆழத்திலும் ஊசியை இறக்கியிருந்தது தெரிந்தது. நடுப்பிட்டத் தசையின் மேற்பகுதியில் வேக நார்கள் மிகுதி, ஆழத்தில் மெது நார்கள் மிகுதி. மேற்பகுதி உந்தித் தள்ளுவதற்கு, ஆழப்பகுதி உடலைத் தாங்கி நிற்பதற்கு. ஆக நான் அளந்தது பயிற்சியை அல்ல, ஆழத்தை. எங்கே, எத்தனை சென்டிமீட்டர் ஆழத்தில் எடுத்தார்கள் என்று சொல்லாத எந்தத் தசை எண்ணையும் அன்றிலிருந்து நான் நம்புவதில்லை.

22 அக்டோபர் 2023

"விடுமுறை நாளிலும் அதே தீவனம் போடலாமா?" என்ற கேள்விக்கு ஒரு வரியில் "கூடாது" என்று பதில் எழுதியிருந்தேன். ஏன் என்பதை விரிவாகச் சொல்ல வேண்டிய கடமை எனக்கு இருக்கிறது.

எங்கள் லாயத்தில் சாம்பல் நிறப் பெட்டைக் குதிரை ஒன்று இருந்தது. ஒன்பது வயது, அரபி இனம், 120 கிலோமீட்டர் ஓட்டங்களை முடித்தது. ஒரு பிப்ரவரியில் பாலைவனத்தில் மழை பிடித்துக்கொண்டதால் தடத்தை மூடிவிட்டார்கள். குதிரைகள் இரண்டு நாள் கொட்டடியை விட்டு வெளியே வரவில்லை. ஓட்ஸையும் பார்லியையும் பாதியாகக் குறையுங்கள் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. மூன்றாம் நாள் காலை டிராட் என்னும் மெதுவோட்ட நடையில் கால் மணி நேரம்தான் போயிருக்கும், பின்கால் அடி குறுகியது. பராமரிப்பாளர் இறங்கி நின்றுகொண்டு என்னை அழைத்தார்.

நான் போனபோது குளிர்ந்த காற்றிலும் அதன் விலாவிலிருந்து வியர்வை சொட்டிக்கொண்டிருந்தது. பிட்டத்தில் கை வைத்தேன்: மரப்பலகை. விரலை அழுத்தினால் உள்ளே போகவில்லை. ஓர் அடி எடுத்துவைக்கச் செய்தபோது முனகியது. சற்று நேரத்தில் காலைப் பரப்பி நின்று மணலில் சிறுநீர் கழித்தது, கடுங்காப்பியின் நிறம். உடைந்த தசை நார்களிலிருந்து கசிந்த மையோகுளோபின் என்ற தசைப் புரதம் இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தின் வழியே போகும்போது அந்த நிறம் வரும். அது சிறுநீரகத்தையும் கெடுக்கும். அந்த இடத்திலிருந்து ஓர் அடிகூட நடத்தாமல், வண்டியை அங்கேயே வரவழைத்து ஏற்றி, இரவு முழுவதும் சிரைவழித் திரவம் கொடுத்தோம். உடலில் நீர் சேரும்வரை வலி மருந்தைக்கூட அஞ்சி அஞ்சித்தான் தொட்டேன், ஏனென்றால் நீர் வற்றிய குதிரையின் சிறுநீரகத்தை அந்த மருந்துகளும் தாக்கும். பிழைத்துக்கொண்டது. அந்தப் பருவத்தில் பிறகு ஓடவில்லை.

ஞாயிறு ஓய்வில் முழுத் தீவனம் தின்றுவிட்டுத் திங்கள் காலை ஏரிலோ வண்டியிலோ பூட்டியதும் விறைத்து விழுந்த குதிரைகளைப் பார்த்த ஐரோப்பியர்கள் இதற்குத் திங்கட்கிழமை நோய் என்றே பெயர் வைத்திருந்தார்கள். காரணம் எல்லாக் குதிரைக்கும் ஒன்றல்ல. சில இனங்களில் தசையில் கிளைகோஜன் என்ற சேமிப்பு மாவுச்சத்தை அளவுக்கு மீறிச் சேர்க்கும் மரபணுக் கோளாறு இருப்பது 2008இல் கண்டறியப்பட்டது. ஆனால் ஓய்வு நாளில் தானியத்தைக் குறைப்பது, மறுநாள் நீண்ட நேரம் நடக்கவிட்டு மெதுவாகத் தொடங்குவது என்ற இரண்டும் எல்லாக் குதிரைக்கும் பொருந்தும்.

23 அக்டோபர் 2023

நேற்றைய குறிப்பில் விடுபட்டது. தசை உடைந்தால் இரத்தத்தில் கிரியேட்டின் கைனேஸ் என்ற நொதி சில மணி நேரத்தில் உச்சத்துக்குப் போய் விரைவாக இறங்கும். ஏஎஸ்டி என்ற இன்னொரு நொதி மெதுவாக ஏறி நாள்கணக்கில், சில சமயம் வாரக்கணக்கில் நிற்கும். முதலாவது இறங்கி இரண்டாவது உயர்ந்திருந்தால் பழைய காயம். இரண்டும் உயர்ந்திருந்தால் காயம் தொடர்கிறது. மறுபடி ஓட்டலாமா என்பதை இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

11 நவம்பர் 2023

இத்தனை நாள் தசையைப் பற்றியே எழுதிவிட்டேன். எழுத எழுத, சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விடுகிறேனோ என்ற எண்ணம் வலுத்துக்கொண்டே போகிறது.

தசை விரைவாக மாறும் உறுப்பு. சில வாரங்களிலேயே அதன் நொதிகள் உயரத் தொடங்குகின்றன, சில மாதங்களில் குதிரை புதிய குதிரைபோல் ஓடுகிறது. தசைநாண் அப்படி அல்ல. முன்காலின் பின்புறம் கயிறுபோல் இறங்கும் மேல்தசைநாண் இளமையில் வளர்ந்து முடிந்தபின் பயிற்சியால் வலுப்படுவது மிகக் குறைவு; அதில் இரத்த ஓட்டமும் சொற்பம். எலும்பு மாறும், ஆனால் தன்னை அரித்து மறுபடி கட்டிக்கொள்ளும் வேலைக்கு மாதங்கள் அல்ல, ஆண்டுகூட ஆகலாம். நடுவில் ஒரு கட்டத்தில் அது முன்பைவிடப் பலவீனமாகவும் இருக்கும். தசையும் மூச்சும் தயாராகிவிட்ட குதிரை வேகம் கேட்கிறது, சவாரி செய்பவரும் கொடுத்துவிடுகிறார், கால் தயாராகவில்லை. நான் கட்டுப்போட்ட கால்களில் பெரும்பாலானவை இந்த இடைவெளியில் உடைந்தவை. சர்வதேச விதிகள் 160 கிலோமீட்டர் ஓட்டத்துக்குக் குதிரைக்கு எட்டு வயது நிரம்பியிருக்க வேண்டும் என்று கேட்பதற்கு இந்தக் கணக்கை நன்றாக அறிந்த மருத்துவர்களின் வற்புறுத்தலும் ஒரு காரணம் என்றே நான் நினைக்கிறேன்.

நிலமும் இதில் சேரும். இந்த விளையாட்டின் நவீன வடிவம் 1955இல் வெண்டல் ரோபி என்பவர் கலிபோர்னியாவில் தொடங்கிவைத்த டெவிஸ் கோப்பை ஓட்டத்திலிருந்து வந்தது: சியரா நெவாடா மலைகளைக் கடந்து ஆபர்ன் ஊர்வரை, 24 மணி நேரத்துக்குள் 100 மைல். அங்கே பாதையே வேகத்தைக் கட்டுப்படுத்துகிறது. ஏறுவதைவிட இறங்குவது மிகுதியான அந்தப் பாதையில், நீண்டுகொண்டே உடலைத் தாங்கும் தொடைத் தசைகளுக்கு வேறு விதமான பயிற்சி வேண்டும். அந்த வேலைக்குப் பழகாத தசைதான் மறுநாள் நோகும். பாலைவனத்தின் சமதளத் தடத்தில் வேகத்தைக் கட்டுப்படுத்த எதுவும் இல்லை. முன்னணிக் குதிரைகள் மணிக்கு 25 கிலோமீட்டரைத் தாண்டி ஓடுவதைப் பார்த்து நான் வருந்தியிருக்கிறேன். அதே அபுதாபியில் பௌதீப் என்ற இடத்தில் வேகத்துக்கு 20 கிலோமீட்டர் உச்சவரம்பு வைத்து ஓட்டங்களை நடத்திக் காட்டியபோது நிம்மதியாக இருந்தது.

உங்கள் பக்கம் தென்னந்தோப்பு வரப்புகளும் மேடு பள்ளங்களும் இருக்கின்றன. அவற்றை வரமாக எடுத்துக்கொள்ளுங்கள். நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 150ஐத் தாண்டாத டிராட் நடையில், வேகத்தைக் கூட்டாமல் தூரத்தை மட்டும் கூட்டுங்கள். தூரத்தையும் வேகத்தையும் ஒரே வாரத்தில் சேர்த்துக் கூட்டவே வேண்டாம்.

19 நவம்பர் 2023

பொள்ளாச்சி நண்பர் நேற்று வெளியிட்ட படங்களைப் பார்த்தேன். என் முதல் பதிலின் ஒரு பகுதியைத் திரும்பப் பெறுகிறேன்.

பிட்டம் வடிந்திருப்பது பற்றி நான் எழுதியது சரி. இடுப்பின் கோடு சீராக இருக்கிறது, தொடையின் உட்புறம் இறுகியிருக்கிறது. ஆனால் தோள்மேட்டுக்குச் சற்றுப் பின்னால், முதுகெலும்பின் இரு பக்கமும், உள்ளங்கை அளவுக்குக் குழி விழுந்திருக்கிறது. அது நெடுந்தூரப் பயிற்சி செய்யும் மாற்றம் அல்ல. அந்த இடம் சேணத்தின் முன்பகுதி அழுத்தும் இடம். தொடர்ந்து அழுத்தம் விழும் தசை வற்றும். வலியில் குதிரை முதுகை இறுக்கி நடக்கும்போது அந்தத் தசை வேலை செய்வதே நின்று இன்னும் வற்றும். "முதுகிலும் சதை குறைந்திருக்கிறது" என்று நீங்கள் அன்றே எழுதியிருந்தீர்கள். எங்கே என்று நான் கேட்டிருக்க வேண்டும். இரண்டு வேறு மாற்றங்களை ஒன்றாகக் கருதி உங்களுக்கு ஆறுதல் சொல்லிவிட்டேன். மன்னிக்க வேண்டும்.

இப்போது செய்ய வேண்டியவை: நாளை ஓட்டி முடித்துச் சேணத்தை எடுத்தவுடன் வியர்வைத் தடத்தைப் பாருங்கள். சுற்றிலும் நனைந்து நடுவில் உலர்ந்த திட்டு இருந்தால் அங்கே அழுத்தம். வெள்ளை மயிர் முளைத்திருக்கிறதா என்று பாருங்கள். அந்தச் சேணத்தை ஆறு வாரம் தொடாதீர்கள். வெறும் முதுகோடு கையில் பிடித்து மேடு ஏற்றி நடத்துங்கள், நீண்ட கயிற்றில் தலை தாழ்ந்து நீண்டிருக்கும்படி சுற்றி வரச் செய்யுங்கள். அதுவரை பெற்ற பயிற்சி வீணாகிவிடுமோ என்று பயப்பட வேண்டாம்.

20 நவம்பர் 2023

"ஆறு வாரம் விட்டால் எல்லாம் போய்விடாதா?" போகாது. தசைக்குள் ஏற்பட்ட மாற்றங்களைக் குதிரை மனிதனைவிட மெதுவாகவே இழக்கிறது. கோடை வெயிலில் எங்கள் குதிரைகள் மூன்று மாதம் காலையில் நடப்பதைத் தவிர வேறெதுவும் செய்வதில்லை. அக்டோபரில் சேணமிட்டால் மூன்று நான்கு வாரத்தில் பழைய மூச்சு திரும்பிவிடும். ஆனால் கிளைகோஜன் விஷயத்தில் குதிரை மனிதனைவிடத் தாமதம். கடும் ஓட்டத்தில் தீர்ந்த கிளைகோஜனை மறுபடி நிரப்ப அதற்கு 48 முதல் 72 மணி நேரம் பிடிக்கும். மாரத்தான் ஓடுபவர்கள்போல் முதல்நாள் மாவுச்சத்தைத் திணித்து அதைத் துரிதப்படுத்த முடியாது. திணித்தால் வயிற்றுவலியும் குளம்பு அழற்சியும்தான் மிஞ்சும்.

10 டிசம்பர் 2023

தண்ணீர் குடிக்க மறுக்கும் குதிரையைப் பற்றிக் கேட்டவருக்குச் சுருக்கமாக. நம் வியர்வை இரத்தத்தைவிட உப்புக் குறைந்தது. அதனால் வியர்க்க வியர்க்க இரத்தம் உப்பேறித் தாகம் எடுக்கிறது. குதிரையின் வியர்வையில் உப்பு இரத்தத்துக்குச் சமமாகவோ சற்றுக் கூடுதலாகவோ இருக்கிறது. வெயிலில் மணிக்கு 10 லிட்டருக்கு மேல் வியர்த்துக் கொட்டியும் இரத்தத்தின் உப்பு ஏறாததால் மூளைக்குத் தாகச் செய்தி போவதே இல்லை. குதிரை வீம்பு பிடிக்கவில்லை. உப்பைத் தீவனத்தில் குழைத்துக் கொடுத்தால் தானாகக் குடிக்கும். பொட்டாசியமும் கால்சியமும் குறைந்த தசை துடிதுடிக்கும் என்பதால், ஓட்டத்தின்போது வெறும் தண்ணீரை மட்டும் ஊற்றிக்கொண்டிருப்பது போதாது.

21 ஜனவரி 2024

நண்பர் எழுதியிருக்கிறார்: ஆறு வாரம் சேணமிடவில்லை, பிறகு முதுகுக்கு அளவெடுத்துத் தைத்த வேறொரு சேணத்தில் இரண்டு வாரம் ஓட்டினார், குழி பாதிக்கு மேல் நிரம்பியிருக்கிறது. நேற்றைய 40 கிலோமீட்டர் ஓட்டத்தை நான்கு மணி நேரத்தில் முடித்தார். சோதனைக்கு நிறுத்தியபோது, விதி கேட்கும் 64 துடிப்புக்கு ஒன்பதே நிமிடத்தில் குதிரை இறங்கிவிட்டது. இதைப் படித்ததும் என் மனைவியை அழைத்துக் காட்டினேன்.

அடுத்தது 60 கிலோமீட்டர் என்று கேட்கிறார். மார்ச் வேண்டாம், வெயில் ஏறிவிடும். அடுத்த குளிர்காலம் வரட்டும். அதுவரை தினமும் காலையில், லாயத்தை விட்டு வெளியே கொண்டுவருவதற்கு முன், இரண்டு முன்கால்களின் பின்புறத்தையும் முழங்காலிலிருந்து கணுவரை விரல்களுக்கு இடையில் பிடித்து மெல்ல வருடிப் பாருங்கள். ஒரு கால் மற்றதைவிடச் சூடாக இருந்தாலோ, நேற்று இல்லாத ஒரு சிறு தடிப்பு இன்று விரலில் பட்டாலோ, அன்று சேணம் வேண்டாம், உடனே எனக்கு எழுதுங்கள்.